சனிக்கிழமை தவறி விழுந்த ஊர்

முதுகில் எடையே இல்லாத குழந்தை, கையில் அரண்மனை முற்றத்திலிருந்து பறித்த சாராயப் பாட்டில். யா பிராகோ பெபோக்ரோம் சந்தையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தாள். தக்காளிக் கூடைகளைத் தாண்டினாள், கருவாட்டுக் கடைக் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்தாள், பழைய துணி விற்கிறவர்களின் தார்ப்பாய் மேலேயே மிதித்துக்கொண்டு போனாள். பின்னால் தலைநகர் அக்ராவிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் அன்சோங், கழுத்து டை தோளுக்குப் பின்னால் பறக்க, "மேடம், நில்லுங்க, அது அரண்மனைப் பொருள்" என்று கூவியபடி வந்தார். அவருக்கும் பின்னால், தங்கப் பூண் போட்ட கோலைத் தூக்கிக்கொண்டு க்வாக்கு டொம்ஃபே வந்தார். அவர் மன்னரின் குரலாளர். மன்னர் யாரிடமும் நேரே பேசுவதில்லை, அவர் சொல் இவர் வாய் வழியாகத்தான் வெளியே வரும். சந்தைப் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டில் திருடியதற்காக அல்ல. பிறந்த குழந்தையை எட்டாம் நாள் விடியும் வரை வாசற்படி தாண்டிக் கொண்டுவரக் கூடாது. அன்று புதன்கிழமை. குழந்தை பிறந்தது சனிக்கிழமை.

அந்த நாட்டில் பிறந்த கிழமைதான் முதல் பெயர். திங்களில் பிறந்த ஆண் க்வாட்வோ, வியாழனில் பிறந்த பெண் யா, சனியில் பிறந்தவள் அமா. கிழமையோடு ஆன்மாவின் குணமும் சேர்ந்து வரும். திங்களுக்குச் சாந்தம், செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்குத் தந்திரம், வியாழனுக்குப் போர்க்குணம், வெள்ளிக்கு ஊர் சுற்றும் கால். சனி கடவுளுடைய சொந்த நாள். இது எல்லா ஊருக்கும் பொது. பெபோக்ரோமுக்கு மட்டும் வேறு ஒரு சிக்கல் உண்டு. எழுபத்தொன்பதாம் வருடம் நகராட்சிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அன்றைய குரலாளர் அதன் இரும்புப் பெட்டி மேல் முறைப்படி சாராயம் ஊற்றி, முன்னோர்களைக் கூப்பிட்டு, "இனிமேல் எங்கள் கிழமைகள் இதன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். பிறப்புப் பதிவை மட்டும் ஒப்படைக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். சாவியைக் கொடுக்கப் போனவர் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கதை. ஊற்றியதைத் திரும்ப அள்ள முடியாது என்பதால் ஊரும் அதோடு வாழப் பழகிக்கொண்டது. பெட்டிக்குள் இருந்த நிரல் அந்தக் காலத்துக் கோபோல் மொழியில் எழுதப்பட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் அது ஒரு கிழமையைக்கூடத் தவறவிடவில்லை.

பெட்டிக்கு உதிரிபாகம் கிடைக்காத காலம் வந்தது. கோபோலில் இருப்பதை ஜாவாவுக்கு மாற்றித் தருகிறோம் என்று அன்சோங்கின் கம்பெனி வந்தது. நகராட்சியில் கம்ப்யூட்டர் அதிகாரியாக இருந்த பிராகோ, நிறைமாத வயிற்றோடு, பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்க்க வேண்டும் என்றாள். பந்தலுக்கும் நாற்காலிக்கும் வாடகை கொடுத்தாகிவிட்டது, தேதியை மாற்ற முடியாது என்றார்கள். அன்சோங்கின் மாற்றுக் கருவி ஒரே மூச்சில் மொத்த நிரலையும் புது மொழிக்குக் கொண்டுபோய்விட்டது. வெள்ளிக்கிழமை விழா. டொம்ஃபே புது இயந்திரத்தின் மேல் அரைப் பாட்டில் ஊற்றி, கிழமைகளை அதன் கையில் கொடுத்தார்.

மறுநாள் விடிந்தபோது ஊரில் எல்லோருக்கும் ஆன்மா ஒரு கிழமை தள்ளிப் போயிருந்தது. பிராகோவின் கணவன் க்வாட்வோ அம்பொன்சா, ட்ரோட்ரோ என்கிற பயணிகள் வேன் ஓட்டுகிறவன். திங்கள் பிறவி, ஹாரன் அடிக்கவே கூச்சப்படுகிறவன். அன்று காலை பெட்ரோல் பங்கில் வரிசை தாண்டி வந்தவனின் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தான். குரலாளர் டொம்ஃபே, எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற புதன் பிறவி, மன்னரையே "வளவளன்னு பேசாதீங்க" என்றார். ஊர் சுற்றுகிற வெள்ளிக்கிழமை லாரிக்காரர்கள் கடவுளின் நாள் தங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டதால் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டில் கண்மூடி உட்கார்ந்தார்கள். வெங்காயம் விலை ஏறியது. சனிக்கிழமைப் பிறவிகளுக்குத்தான் போய்ச் சேர இடமில்லை. அவர்களுடைய எடை போய்விட்டது. அவர்கள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. பாலைவனத்திலிருந்து ஹார்மட்டான் காற்று வீசுகிற மாதம் என்பதால் பாக்கெட்டில் கல் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பரைக் கோல் வலைதான் தடுத்து நிறுத்தியது.

அன்று சாயங்காலம் பிராகோவுக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சி சிஸ்டர் தாவியா குழந்தையைத் தராசில் வைத்தாள்; முள் அசையவில்லை. வேறு தராசு கொண்டுவந்தாள், அதுவும் அசையவில்லை. மின்விசிறியை நிறுத்தி, குழந்தை மேல் கொசுவலையைப் போட்டு, நாலு மூலையிலும் மருந்துப் புட்டி வைத்தாள். எட்டாம் நாள் வரை குழந்தை விருந்தாளி. எட்டாம் நாள் விடியலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நம் ஆள். பெயர் ஒலிக்காவிட்டால் வந்த வழியே போய்விடும். தாவியா குரலைத் தாழ்த்தி, ராத்திரி பன்னிரண்டு தாண்டிப் பிறந்ததாக எழுதிவிடலாம், ஞாயிறு என்றால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். "சனிக்கிழமைதானே பொறந்தா, சிஸ்டர்?" என்று கேட்டாள் பிராகோ. தாவியா பேனாவை மூடினாள்.

புதன்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாக அன்சோங் அறிவித்தார். இடம் கிடைக்காதவர்கள் அனைவரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும் என்று ஒரு வரி சேர்ப்பார், டொம்ஃபே மிச்சப் பாட்டிலை ஊற்றுவார், முடிந்தது. ஒரு காரியத்துக்குத் திறந்த பாட்டிலை அதே காரியத்தில்தான் தீர்க்க வேண்டும், வேறு பாட்டில் செல்லாது. பிராகோவுக்கு அது தெரியும். குழந்தையை முதுகில் இறுகக் கட்டிக்கொண்டு அரண்மனை முற்றத்துக்குப் போனாள், பாட்டிலைப் பறித்தாள், ஓடினாள்.

சந்தையின் கோடியில் ஃப்ரேமாவின் கறிக்கடை. ஐம்பது வயதுக்காரி, சனிக்கிழமைப் பிறவி. இடுப்பில் கட்டிய கயிற்றைக் கறிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டிருந்தாள். பிராகோ பாட்டிலை நீட்டினாள்.

"அக்கா, இதப் பிடி."

ஃப்ரேமா ஏன் என்று கேட்கவில்லை. பாட்டிலை ரவிக்கைக்குள் செருகினாள், கத்தியை வைத்துவிட்டு, கயிற்றை ரெண்டு ஆள் உயரம் தளர்த்தினாள். காற்று அவளைத் தூக்கித் தகரக் கூரை மேல் உட்கார வைத்தது.

அன்சோங் மூச்சு வாங்க வந்து நின்றார். "மேடம், ஒரே வரி. ஒரே ஒரு வரி. மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் எடை வந்துரும். உங்க குழந்தைக்கும்தான். அதப் போய்த் தடுக்கிறீங்களே."

"அவ சனிக்கிழமை பொறந்தவ."

"ஏழுல ஒண்ணுதானே போச்சு? மத்த ஆறும் ஓடுதில்ல?"

வேனை நடுச் சந்தையில் நிறுத்திவிட்டு அம்பொன்சா இறங்கி வந்தான். "கூட்டாளி, உன் ரெண்டு காதுல ஒண்ணப் பிடுங்கிடுறேன். மத்தது ஓடுதான்னு பாப்போம்."

"நீ சும்மா இரு க்வாட்வோ," என்றாள் பிராகோ. "அது உன் கோபமில்ல. செவ்வாக்கிழமைக்காரன் கோபம்."

டொம்ஃபே கோலைத் தரையில் ஊன்றினார். "பொண்ணே, பாட்டில எறக்கச் சொல்லு. எட்டு நாள் ஆகாத பிள்ளைய வெயில்ல தூக்கிட்டு வந்திருக்க. அது போயிட்டா யாரு பொறுப்பு?"

"பெரியவரே, சனிக்கிழமை விடியக்காலம் நீங்கதானே இவ நாக்குல சொட்டு வைக்கணும்? தண்ணிய வெச்சு, தண்ணின்னா தண்ணின்னு சொல்லும்பீங்க. சாராயத்த வெச்சு, சாராயம்னா சாராயம்னு சொல்லும்பீங்க. அதே வாயால, கிழமைய மட்டும் பொய் சொல்லிக்கோன்னு எப்படிச் சொல்வீங்க?"

கோழிக்காரி ஒருத்தி "அதானே" என்றாள். மேலேயிருந்து ஃப்ரேமாவின் குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை என் சக்களத்தி பொறந்த நாளு. அவ கிழமைல போய் நான் உக்காரணுமா? அதுக்கு இப்படியே பறந்து டோகோ நாட்டுக்கே போயிடுவேன்."

கூட்டம் சிரித்தது. டொம்ஃபேக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமையின் போர்க்குணம் தொண்டை வரை நின்றது. ஆனாலும் கேட்டார், அப்படி என்னதான் தவறிப்போயிற்று என்று. பிராகோ கணவனின் வேனைக் காட்டினாள். பழைய மொழி பயணிகளை ஒன்றிலிருந்து எண்ணும். புது மொழி டிரைவர் சீட்டைப் பூஜ்யம் என்று வைத்து அங்கிருந்தே எண்ண ஆரம்பிக்கும். அன்சோங்கின் கருவி ஆட்களை மாற்றியது, அவர்கள் கையிலிருந்த எண்ணை மாற்றவில்லை. ஒன்றாம் எண்காரன் ரெண்டாவது சீட்டில் உட்கார்ந்தான், ரெண்டாம் எண்காரன் மூன்றாவதில். ஏழாம் எண்ணோடு ஏறின சனிக்கிழமைக்காரிக்கு வண்டியிலேயே சீட் இல்லை. கதவு வழியாகக் கீழே விழுந்துவிட்டாள். இப்போது அவளைத் தூக்கி டிரைவர் மடியில், ஞாயிற்றுக்கிழமையில், உட்கார வைக்கப் பார்க்கிறார் இந்த ஐயா.

அன்சோங் மறுக்கவில்லை. உள்ளூர நியாயமான மனிதர். அடுத்த மாதம் இன்னொரு ஊரில் விழா வைத்திருந்தவர், அவ்வளவுதான். "அத ஒழுங்காப் பண்ணணும்னா முழுசா கையால மாத்தணும் மேடம். மாசக்கணக்காகும்."

டொம்ஃபே கூரையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "சனிக்கிழமை விடியற வரைக்கும். முடியலன்னா ஞாயிறு. அப்புறம் ஒரு பேச்சு கிடையாது."

நகராட்சி அறையில் பிராகோ உட்கார்ந்தாள். குழந்தையின் துணி முனையை நாற்காலிக் கைப்பிடியில் முடிந்து வைத்தாள். பால் குடிக்கும்போது மட்டும் அது மடியில் இருந்தது, மற்ற நேரம் தோள் உயரத்தில் தூங்கியது. ஊர்த் தாய்மார்கள் படியேறி வந்து, பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுவந்ததற்காக வெளியிலிருந்தே திட்டிவிட்டு, மூடி போட்ட பாத்திரத்தில் பாமாயில் சாறும் இடித்த வாழைக்காயும் வைத்துவிட்டுப் போனார்கள். கோபோல் நிரலை எழுதிய ஆள் சிக்கனக்காரர். கிழமைக்குக் கொடுத்த அதே எண்ணைத்தான் தெருத் தண்ணீர் முறைக்கும், சந்தை வரிக்கும், இடுகாட்டு நாளுக்கும் வைத்திருந்தார். ஒரு இடத்தில் ஒன்றைக் கழித்தால் இன்னொரு இடத்தில் பிசகியது. வியாழக்கிழமையன்று பெயர்களைச் சரிசெய்தாள். மேட்டுத் தெருவில் குழாய் நின்றுபோனது. குழாயைச் சரிசெய்தாள், அந்த நிமிடமே பெயர் பழையபடி விழுந்தது. சிஸ்டர் தாவியா வந்து குழந்தையின் கண்ணைப் பார்த்தாள். "தூரத்த பாக்குது பிராகோ. போறதுங்கதான் இப்படிப் பாக்கும். உனக்குத் தெரியாததா?" என்றாள். பிராகோ அடுத்த வரியைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வழி தெரிந்தது. எண்ணைத் தொட வேண்டாம். வரிசையின் முன்னால் ஒரு இடம் கூட்டினால் போதும். பூஜ்யத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டால், ஒன்று ஒன்றாகவே இருக்கும், ஏழு ஏழாகவே இருக்கும், எல்லோரும் தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள்.

அன்சோங் பின்னால் நின்று படித்தார். அழகான வேலை என்று அவருக்கே தோன்றியது. உடனே பயம் வந்தது. "மேடம், எட்டு இடம் ஆயிடுச்சே. வாரத்துல எட்டுக் கிழமை வந்துடும்."

"வரட்டும்."

"உலகம் ஒத்துக்குமா?"

"உலகத்துக்கு யாரு சார் சாராயம் ஊத்துனது? எங்க ஊருக்கு மட்டும்தானே ஊத்துனோம்."

கூட்டிய இடத்தைக் காலியாக விட்டுப் பார்த்தாள். இயந்திரம் ஏற்கவில்லை, பெயரில்லாத இடத்தைப் பதிவு அனுமதிக்காது என்று சிவப்பில் காட்டியது. அன்சோங் எதையாவது போடுங்கள், ஒரு கோடு போடுங்கள், ஒரு நட்சத்திரம் போடுங்கள் என்றார். பிராகோ அவரை வெளியே போகச் சொன்னாள். கதவு மூடியதும் அவள் யோசிக்கவே இல்லை. ஒரு சொல்லைத் தட்டினாள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

சனிக்கிழமை விடிவதற்கு முன் ஃப்ரேமாவைக் கயிறு பிடித்து இறக்கினார்கள். பாட்டில் அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. டொம்ஃபே புது நிரலின் மேல் ஊற்றினார், குழந்தையின் நாக்குக்காக ஒரு சொட்டை விட்டுவைத்தார். தண்ணீரை வைத்து, தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல் என்றார். சாராயத்தை வைத்து, சாராயம் என்றால் சாராயம் என்று சொல் என்றார். பிறகு வாயைத் திறந்தார். "அமா டுஃபீ" என்று வந்தது. தெருக்கோடி வரை கேட்டது. அந்தக் கணமே குழந்தை அவர் கையில் கனத்தது. தயாராக இல்லாத மனிதர் முன்னால் சாய்ந்தார், அம்பொன்சா தாங்கிப் பிடித்தான். ஊர் முழுக்கத் தொப்புத் தொப்பென்று சத்தம். ஃப்ரேமாவின் முக்காலி உடைந்தது. கூரையில் கட்டிப்போட்டிருந்த கோல்கீப்பர் கோழிக்கூட்டின் மேல் விழுந்தான். அம்பொன்சா அன்று பெட்ரோல் பங்கில் தொடங்கி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். டொம்ஃபே பழையபடி சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். மன்னர் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார்கள். லாரிகள் கிளம்பின, வெங்காயம் இறங்கியது. அன்சோங் தன் ஒரு வரியை அழித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அக்ரா பஸ் ஏறினார்.

அடுத்த விடியலில் பாதிரியார் மணி அடித்தார், யாரும் வரவில்லை. வானொலியில் இரைச்சல் மட்டும் வந்தது. கைபேசியில் தேதி இருக்கிற இடம் வெறுமையாக இருந்தது. சூரியன் மட்டும் வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் மறைந்தது. அதற்கும் அடுத்த விடியலில்தான் வானொலி ஞாயிற்றுக்கிழமை என்றது. அப்படித்தான் பெபோக்ரோமுக்கு எட்டாவது நாள் வந்தது. அதில் யாரும் பிறப்பதில்லை, யாரும் சாவதில்லை. கடன் கேட்டு யாரும் வருவதில்லை. வெளியூர்க்காரர்கள் அன்று ஊரில் தங்கியிருந்தால் அவர்களுக்கும் அது கிடைக்கும். பாதிரியார் முதல் வருடம் அதை எதிர்த்துப் பேசினார், ரெண்டாம் வருடத்திலிருந்து அன்று தூங்கினார். பெபோக்ரோம்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் நரைத்தது. வெளியூரில் பெண் கொடுக்கும்போது அதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்றைய தினம் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று விசாரிக்கிற வழக்கம் மட்டும் ஊரில் ஏற்படவே இல்லை.

அமா டுஃபீக்கு நாட்காட்டிப்படி பதினொரு வயதும் ஊர்க் கணக்கில் பன்னிரண்டரையும் ஆனபோது ஜாவாவும் பழசாகிவிட்டது. இன்னும் புதிய மொழிக்கு மாற்ற டகோராடியிலிருந்து மன்சா என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி. கருவியை நம்பாமல் ஒவ்வொரு வரியையும் கையால் மாற்றினாள், எண்களையும் சேர்த்து மாற்றினாள். கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அதோடு நரைத்த பிராகோவின் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, உங்க பூஜ்யம் இனிமே தேவையில்ல. எடுத்துட்டா வாரம் பழையபடி ஏழு ஆயிடும், உங்க ஊர்க்காரங்களுக்கு வயசும் ஒழுங்கா ஏறும். மன்னர் சரின்னுட்டாரு, நகராட்சியும் சரின்னுடுச்சு. எடுத்துடட்டுமா?"

"கைய எடு."

"இல்ல ஆன்ட்டி, காலியா ஒரு இடம் எதுக்கு..."

"அது காலியில்ல. படிச்சுப் பாரு. படிச்சுட்டு, மன்னரக் கூட்டிட்டு வா. நகராட்சியையும் கூட்டிட்டு வா. எடுக்கறவங்க என் முன்னாடி எடுக்கட்டும்."

மன்சா படித்தாள். பூஜ்யத்தில் பெஜினா என்று இருந்தது. இங்கேயே இரு என்று பொருள். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் வைக்கிற பெயர். மன்சா அந்த வரியை இருந்தபடியே புது மொழிக்கு மாற்றினாள். யாரையும் கூட்டி வரவில்லை.

அமாவுக்கு நாலு வருடம் முன்னால் பிராகோ ஒரு பெண்ணைப் பெற்றிருந்தாள். அது ஆறாம் நாள் போய்விட்டது. எட்டாம் நாளைக் காணாத குழந்தை வரவே இல்லை என்பதுதான் வழக்கம். அதற்குப் பெயர் இல்லை, அழுகை இல்லை. பெரியவர்கள் சொன்னபடி அவளும் அம்பொன்சாவும் அன்று விசேஷ நாள்போல வெள்ளை உடுத்தி, நிலக்கடலைச் சாறு சாப்பிட்டார்கள். வாரத்தின் எட்டாவது நாள் மட்டும் மூன்று பேர் இருக்கிற அந்த வீட்டில் நாலு தட்டு வைக்கிறார்கள். பெஜினா இப்போது அமாவைவிட ஒரு தலை உயரம்.